காணமும் அட்வான்ஸும்: வீட்டுக்காரர் கையில் நிற்கும் நம்ம பணம்

வாடகை வீட்டில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்: அட்வான்ஸ் கொடுப்பது ஒரு நாள் வேலை, அதைத் திருப்பி வாங்குவது பல மாத வேலை. ஊரில் இருந்தபோதும் பார்த்தேன், சிட்னிக்கு வந்து பெட்டி தூக்கிக்கொண்டு மூன்று வீடு மாறியபோதும் பார்த்தேன். ரெண்டு இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை யோசிக்கப் போய், கடைசியில் எங்க ஊர் நிலச் சரித்திரத்தில் வந்து நின்றது. அதைத்தான் இந்தப் பதிவில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்க ஊர் மீனாட்சிபுரம். 1981இல் பத்திரிகைகளில் அடிபட்ட நெல்லைச் சீமை மீனாட்சிபுரம் இல்லை. இது பொள்ளாச்சி - பாலக்காடு ரயில் பாதையில் உள்ள சின்ன ஸ்டேஷன். கேரளா, ஆனால் வீட்டில் பேசுவது தமிழ். சித்தூர் தாலுகா. பாலக்காடு என்றதும் பலர் மலபார், மெட்ராஸ் மாகாணம் என்று நினைப்பார்கள். பாலக்காடு அப்படித்தான். சித்தூர் தாலுகா மட்டும் கொச்சி ராஜாவுடையது. 1949இல் திரு-கொச்சி ராஜ்யம், 1956இல் கேரளம், 1957இல்தான் பாலக்காடு மாவட்டம். ஆக, பக்கத்துப் பக்கத்து ஊர்களிலேயே குத்தகைச் சட்டம் வேறு வேறாக இருந்த பகுதி.

சரி, விஷயத்துக்கு வருவோம். மலபாரிலும் கொச்சியிலும் 'காணம்' என்று ஒரு குத்தகை முறை இருந்தது. நிலத்துக்குச் சொந்தக்காரர் ஜன்மி. குடியானவர் அவரிடம் முதலில் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு நிலத்தில் இறங்குவார். அந்தத் தொகைக்குத்தான் காணம் என்று பெயர். சங்க காலத்திலேயே காணம் என்றால் பொன், காசு. பதிற்றுப்பத்தின் பதிகங்களில் அரசர்கள் புலவர்களுக்குக் கொடுத்த பரிசுக் கணக்கு காணத்தில்தான் இருக்கிறது. (தென் மாவட்டங்களில் கொள்ளுக்கும் காணம் என்று பெயர், அது வேற கதை!)

இதில் முக்கியமான சங்கதி என்னவென்றால், ஜன்மி கையில் இருக்கும் அந்தப் பணத்துக்கு வட்டி உண்டு. வட்டி குடியானவருக்கு. எப்படி? வருஷப் பாட்டத்தில் கழித்துக்கொள்வார்கள். ஒரு உதாரணத்துக்கு, காணம் 1000 ரூபாய், வட்டி நூற்றுக்கு 5 என்றால் வருஷத்துக்கு 50. பாட்டம் 80 என்றால், 50 போக மிச்சம் 30 ரூபாய் கொடுத்தால் போதும். அந்த மிச்சத்துக்குப் பெயரே 'மிச்சவாரம்'. நிலத்தைத் திரும்ப எடுக்கும்போது ஜன்மி காணத் தொகையைத் திருப்பித் தரவேண்டும். குடியானவர் வைத்த மரம், வெட்டிய கிணறு, கட்டிய வீடு எல்லாவற்றுக்கும் தனியாக விலை போட்டுத் தரவேண்டும்.

இன்றைய பத்து மாத அட்வான்ஸை இதோடு வைத்துப் பாருங்கள். வட்டி கிடையாது. நாம் அடித்த ஆணிக்குக்கூட நம்மிடமே பிடிப்பார்கள்.

ஆனால் காணக்குடிகள் சுகமாக இருந்தார்கள் என்று சொல்ல வரவில்லை. கம்பெனி ஆட்சி வந்த பிறகு நீதிமன்றங்கள் ஜன்மியை இங்கிலாந்து பாணியில் முழுச் சொந்தக்காரராக எடுத்துக்கொண்டன. காணத்துக்கு 12 வருஷம் என்று காலம் வந்தது. பன்னிரண்டு முடிந்ததும் புதுப்பிக்க ஒரு பணம் கட்டு, இல்லையென்றால் இறங்கு. அதைவிட மோசம் 'மேல்சார்த்து'. ஒரு ஆள் குடியிருக்கும்போதே ஜன்மி அதே நிலத்தை இன்னொருவருக்கு எழுதிக்கொடுத்துவிடுவார். புது ஆள் பணத்தோடு வந்து, பழைய ஆளின் காணத்தைக் கட்டி, வழக்குப் போட்டு வெளியேற்றுவார். ஜன்மி தன் கையிலிருந்து சல்லிக்காசு எடுக்க வேண்டியதில்லை.

மலபார் கலெக்டராக இருந்த வில்லியம் லோகன் 1881இல் இதை விசாரிக்கத் தனி அதிகாரியாக நியமிக்கப்பட்டார். காணம் என்பது 'காணு' என்ற வினையிலிருந்து வந்தது, அது வெறும் அடமானம் இல்லை, நிலத்தில் ஒரு பழைய உரிமை, கோர்ட்டுகள்தான் அதைத் தப்பாகப் புரிந்துகொண்டன என்பது அவர் கட்சி. அவருடைய சொற்பிறப்பை எல்லோரும் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் வெளியேற்றங்கள் பெருகிவிட்டன என்பதை யாரும் மறுக்க முடியவில்லை. அவர் கேட்டது பெரிய சீர்திருத்தம். கிடைத்தது 1887இல் ஒரு சின்ன சட்டம், குடியானவர் செய்த மேம்பாடுகளுக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று.

அந்தச் சட்டத்தைத் திருத்தி 1900இல் மறுபடி போட்டார்கள். அதில் ஒரு வரி எனக்கு மிகவும் பிடித்தது. சாராம்சம் இது: குத்தகைக் காலம் முடிந்திருக்கலாம், கொடுத்த முன்பணம்கூடத் திருப்பித் தரப்பட்டிருக்கலாம், ஆனாலும் நஷ்டஈடு பாக்கி இருக்கிற குடியானவர், கோர்ட் தீர்ப்பை நிறைவேற்றி வெளியேற்றும் வரை அங்கேயே இருக்கலாம். அதாவது, முதலில் கணக்கைத் தீர், பிறகு நிலத்தைக் கேள். கேரளம் உருவான பிறகு 1958இல் வந்த சட்டத்திலும் இதே ஏற்பாடு தொடர்ந்தது.

கொச்சியில் 1914இல் காணக்குடிகளுக்கு ஓரளவு நிலைத்த உரிமை தரும் சட்டம் வந்தது. மலபாருக்கு அது 1929 சட்டம் வரை காத்திருந்தது. சித்தூர்க்காரர்கள் ஒரு பதினைந்து வருஷம் முந்திக்கொண்டார்கள் :-) பிறகு 1963ஆம் ஆண்டின் கேரள நிலச் சீர்திருத்தச் சட்டமும் அதன் 1969 திருத்தமும் சேர்ந்து, 1970 ஜனவரி 1 முதல் ஜன்மி முறையே ஒழிந்தது. காணமும் அதோடு போயிற்று.

நிலம் அப்படி. வீடு?

வீட்டு வாடகைச் சட்டத்தின் கதை வேறு ஊரில் தொடங்குகிறது. முதல் உலகப் போர் சமயம், 1915, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ. ஆயுதத் தொழிற்சாலைகளுக்கு ஆட்கள் குவிய, வீட்டுக்காரர்கள் வாடகையை ஏற்றினார்கள். மேரி பார்பர் போன்ற பெண்கள் முன்னால் நிற்க, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் ஏற்றிய வாடகையைக் கட்ட மறுத்தன. அந்த டிசம்பரிலேயே பிரிட்டிஷ் பாராளுமன்றம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் போட்டது. வாடகை போக, வீடு கொடுப்பதற்கென்று 'பிரீமியமோ அதுபோன்ற வேறு தொகையோ' கேட்கக்கூடாது என்ற வாசகம் அதில் இருக்கிறது.

இந்த வாசகம் அப்புறம் கப்பலேறிவிட்டது. பம்பாயில் 1918இல் வாடகைச் சட்டம். மெட்ராஸில் இரண்டாம் உலகப் போரின்போது 1941இல் கட்டுப்பாட்டு உத்தரவு, 1946இல் சட்டம், 1949இல் இன்னொன்று, 1960இல் மற்றொன்று. 1960 சட்டத்தையும் கேரளத்தின் 1965 சட்டத்தையும் எடுத்துப் பார்த்தால் அதே 'பிரீமியம் அல்லது அதுபோன்ற தொகை' கூடாது என்று இருக்கும். கூடவே ஒரு சலுகை: அட்வான்ஸாக ஒரு மாத வாடகைக்கு மிகாமல் வாங்கிக்கொள்ளலாம்.

ஆமாம், ஒரு மாதம்! சென்னையில் பத்து மாத அட்வான்ஸ் நடந்துகொண்டிருந்த காலம் முழுக்கச் சட்டப் புத்தகத்தில் இருந்தது ஒரு மாதம்தான். (கேரளச் சட்டம் எல்லா ஊருக்கும் பொருந்தாது, அறிவிக்கப்பட்ட பகுதிகளுக்கு மட்டும்.)

இது கோர்ட்டுக்கும் போயிருக்கிறது. கூடூர் மாடர்ன் ஹோட்டல் வழக்கில் 1989இல் உச்ச நீதிமன்றம் ஆந்திரச் சட்டத்தின் கீழ் சொன்னது: குடியிருப்பவரின் அதிகப்படி அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, வாடகை பாக்கி என்று வெளியேற்ற முடியாது. 1996இல் நரசிம்ம ராவ் எதிர் நசிமுதீன் அகமது என்ற தமிழ்நாட்டு வழக்கிலும், ஒரு மாதத்துக்கு மேல் உள்ள அட்வான்ஸ் வாடகை பாக்கியில் கழிக்கப்பட வேண்டியதே என்று தீர்ப்பு வந்தது. நல்ல தீர்ப்புகள்தான். ஆனால் இவை வீட்டுக்குள் இருப்பவருக்கு உதவுகிற தீர்ப்புகள். சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே நிற்பவர் என்ன செய்வது?

என் சித்தி மகள் கோவையில் ஒரு வீட்டைக் காலி செய்தபோது இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன் (போன் வழியாகத்தான்). ஒரு லட்சத்து இருபதாயிரம் அட்வான்ஸ். மகனின் காலேஜ் ஃபீஸுக்கு என்று அதை நம்பியிருந்தாள். வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை, மரியாதையாகத்தான் பேசுவார். "அடுத்த பார்ட்டி வந்து அட்வான்ஸ் குடுத்ததும் தந்துடறேன்மா" என்றார்.

"அண்ணா, அவங்க பணத்தைத் தான எனக்குத் தரப்போறாங்க? அப்ப என் பணம் எங்க போச்சு?" என்று கேட்டாள்.

சரியான கேள்வி. அவள் பணம் மாடி கட்டுவதில் போயிருந்தது. அவளுக்கு முன்னால் இருந்தவருக்கு இவள் அட்வான்ஸ்தான் போயிருக்கும். இது அப்படியே மேல்சார்த்துக் கணக்கு: புது ஆள் பணத்தில் பழைய ஆளின் கணக்கு தீரும், நடுவில் இருப்பவர் கையிலிருந்து எதுவும் எடுக்கமாட்டார். ஒரே வித்தியாசம், காணக்குடி கணக்குத் தீரும் வரை நிலத்தில் இருந்தார். இவள் வீட்டைவிட்டு வந்தாயிற்று. கடைசியில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பி, ஐந்து மாதத்தில் மூன்று தவணையாக வந்தது, பெயின்ட் செலவு போக. ஃபீஸுக்கு அதற்குள் நகையை அடகு வைத்திருந்தாள். தன் பணம் வட்டியில்லாமல் அங்கே, தான் வட்டி கட்டுவது இங்கே.

தமிழ்நாட்டில் 2017இல் புதுச் சட்டம் வந்து, 2019 பிப்ரவரியில் அமலுக்கு வந்தது. மூன்று மாத வாடகைக்கு மேல் டெபாசிட் கூடாது என்கிறது. ஆனால் 'ஒப்பந்தத்தில் வேறு மாதிரி இருந்தால் தவிர' என்ற வாலும் இருக்கிறது. காலி செய்து ஒரு மாதத்துக்குள், கழிக்க வேண்டியதைக் கழித்துத் திருப்பித் தரவேண்டும். மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புக்கொண்ட மாதிரிச் சட்டம் இன்னும் கறார்: குடியிருப்புக்கு இரண்டு மாதம்தான், வீட்டை ஒப்படைக்கிற நாளிலேயே திருப்பித் தரவேண்டும். மாநிலங்கள் ஏற்றுக்கொண்டால்தான் அது சட்டம்.

இவை எல்லாவற்றிலும் பணம் இருப்பது வீட்டுக்காரர் கையில். நான் இருக்கும் நியூ சவுத் வேல்ஸில் 1977இல் மாற்றியது இதைத்தான். நெவில் ரான் முதல்வராக இருந்தபோது ஒரு வாடகை டெபாசிட் வாரியம் அமைத்தார்கள். இங்கே அட்வான்ஸுக்குப் பெயர் 'பாண்ட்'. அதிகபட்சம் நான்கு வார வாடகை. அது வாரியத்தில் போய் உட்காரும், வீட்டுக்காரர் தொட முடியாது. காலி செய்ததும் இருவரில் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். நாம் கேட்டால், வீட்டுக்காரருக்குத் தகவல் போகும். 14 நாளில் அவர் தீர்ப்பாயத்துக்குப் போகவில்லை என்றால் பணம் நமக்கு. ஆக, ஓடவேண்டியவர் அவர். குவிந்திருக்கும் பணத்தின் வட்டியிலிருந்துதான் அந்தத் தீர்ப்பாயத்துக்கும், குடியிருப்போருக்கு இலவச ஆலோசனை தரும் மையங்களுக்கும் ஒரு பங்கு போகிறது. இங்கிலாந்தும் 2007 ஏப்ரல் முதல் டெபாசிட்டைப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ப்பதைக் கட்டாயமாக்கியது. சேர்க்காவிட்டால் வீட்டுக்காரருக்கு அபராதம்.

இங்கேயும் கார்ப்பெட் கறைக்குச் சண்டை நடக்கிறது, சொர்க்கம் ஒன்றும் இல்லை. ஆனால் சண்டை நடக்கும்போது பணம் மூன்றாவது ஆளிடம் பத்திரமாக இருக்கிறது. மேல்மாடியாக மாறியிருக்காது.

பணம் யார் கையில், வட்டி யாருக்கு, தகராறு வந்தால் கோர்ட்டுக்கு ஓடவேண்டியது யார்? எந்த ஊர் வாடகைச் சட்டத்தையும் இந்த மூன்றையும் கேட்டுப் பார்த்தால் போதும். காணக்குடிக்கு முதல் கேள்வியில் தோல்வி, மற்ற இரண்டில் கொஞ்சம் பலம் இருந்தது. நம்ம ஊர் வாடகைக்காரருக்கு மூன்றிலும் தோல்வி.

சட்டம் மாறும் வரை ஊரில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். அட்வான்ஸைப் பேங்க் வழியாகக் கொடுங்கள், தொகையை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். உள்ளே போகிற நாளும் வெளியே வருகிற நாளும் சுவர், குழாய், ஸ்விட்ச் எல்லாவற்றையும் போட்டோ எடுங்கள். காலி செய்யும் நோட்டீஸிலேயே தொகையையும் திருப்பித் தரவேண்டிய தேதியையும் குறிப்பிட்டு, பதிவு செய்த ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். இழுத்தடித்தால் மூன்று வருஷம் தாண்ட விடாதீர்கள், அதற்கு மேல் கோர்ட் கேட்காது. வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் நண்பர்களுக்கும் ஒன்று: குடியிருப்பவரின் அட்வான்ஸைத் தனி டெபாசிட்டாகப் போட்டு வையுங்கள். அது உங்கள் பணம் இல்லை.