பெயரும் கட்டளையும்



முன்பு பள்ளி மதிப்பெண்களுக்காக ஒரு சிறு நிரல் எழுதினேன். டி'குரூஸ் என்று முடியும் மாணவன் பெயரைத் தேடியதும் அது நின்றுபோனது. மேற்குறியை நீக்கிப் பதியலாம் என எண்ணினேன். ஆனால் பெயர் அவனுடையது, பிழை என்னுடையது. காரணத்தைத் தேடி வரலாற்றைப் புரட்டினேன்.

1970-இல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட், தரவுகளை அட்டவணைகளாக அமைக்கும் உறவுநிலைக் கோட்பாட்டை வெளியிட்டார். 1974-இல் அதே நிறுவனத்தின் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்சும் அதற்குரிய வினவல் மொழியை அறிவித்தனர். ‘சீக்குவெல்’ எனப்பட்ட அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். ஆயிற்று. எப்படித் தேடுவது என்று விளக்காமல், எது வேண்டும் என்று மட்டும் அதில் கேட்கலாம். கோபோல் முதலிய மொழிகளில் எழுதிய நிரல்களுக்குள் அதைப் பதித்தபோது, தேடும் மதிப்பைத் தனி மாறியில் வைத்து அனுப்பும் வழியும் இருந்தது.

நானோ பெயரைக் கட்டளையோடு ஒட்டிவிட்டேன். பெயரின் நடுவிலிருந்த மேற்குறியையே பெயரின் முடிவென்று தரவுத்தளம் கொண்டது. இதே ஓட்டை வழியே தீயோர் தம் கட்டளையைப் புகுத்தலாம் என்பதை 1998-இல் ஓர் இணைய இதழ் விளக்கியது.

இப்போது கட்டளையில் பெயருக்குரிய இடத்தில் வினாக்குறி இட்டு, பெயரைத் தனியே அனுப்புகிறேன். அம்மாணவன் பெயர் மேற்குறியோடு முழுமையாகப் பட்டியலில் நிற்கிறது. நிரல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இதை முதல் பாடமாகவே சொல்லிக் கொடுப்போம்.