பதிவேட்டில் ஏறாத கண்டம்

தருமபுரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. பறக்க வேண்டியவர்கள் தெற்கே ஓமலூரை ஒட்டிய காமலாபுரத்துக்குப் போகலாம். அங்கிருந்து விமானம் இல்லாத ஊருக்குப் போக வேண்டுமென்றால் வடக்கே பெங்களூரின் தேவனஹள்ளி விமான நிலையம்தான். ஆகவே தேவனஹள்ளி வானத்தில் நடப்பது இந்த மாவட்டத்துக்கும் வேண்டிய சங்கதி. 2019 டிசம்பரில் அங்கே இரண்டாவது ஓடுபாதை திறக்கப்பட்டது. வடக்குப் பாதைக்கு ஒரு கட்டுப்பாட்டாளர், தெற்குப் பாதைக்கு இன்னொருவர். 2022 ஜனவரி 9 காலை, வடக்கில் விமானங்கள் புறப்பட, தெற்கில் இறங்கிக்கொண்டிருந்தன. இடையில், தெற்குப் பாதையை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் வடக்கிலேயே நடத்துவதென்று முடிவானது. அந்த முடிவு தெற்குப் பாதைக்காரருக்குப் போய்ச் சேரவில்லை. கொல்கத்தா செல்லும் இண்டிகோ விமானத்துக்கு வடக்கிலும், புவனேஸ்வர் செல்லும் இண்டிகோ விமானத்துக்குத் தெற்கிலும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் அனுமதி கிடைத்தது. ஒரே திசையில் கிளம்பிய இரண்டும் ஏறும்போதே ஒன்றையொன்று நெருங்கின. ரேடார் திரையில் அதைக் கண்டவர் இரண்டையும் வெவ்வேறு பக்கம் திருப்பிவிட்டார். 426 பேர் பிழைத்தார்கள். ஆனால் பணிப்பதிவேட்டில் இதைப் பற்றி ஒரு வரிகூட ஏறவில்லை. விஷயம் செய்தித்தாளுக்கு வர பத்து நாள் ஆயிற்று.

அந்தக் காலையின் பெரிய பிழை எழுதாமல் விட்டதுதான் என்பது என் வாதம். நம் நாட்டில் வான்பாதுகாப்பு விதிகள் பெரும்பாலும் பிணங்களை எண்ணிய பிறகே வந்தவை. 1996 நவம்பர் 12 அன்று டெல்லியிலிருந்து ஏறிய சவுதி விமானமும் அங்கே இறங்கவந்த கஜகஸ்தான் விமானமும் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதின. 349 பேர் மாண்டார்கள். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே வான்வழி. உயரம் காட்டாத பழைய ரேடார். நீதிபதி லகோத்தி விசாரணைக்குப் பிறகே வழிகள் பிரிக்கப்பட்டன, விமானங்களில் மோதல் தவிர்ப்புக் கருவி கட்டாயமானது. தேவனஹள்ளியோ ஒரு உயிரும் போகாமல் கிடைத்த பாடம்.

பாடத்தை மறைத்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் சாட்சி உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று டிடபிள்யூஏ நிறுவனத்தின் விமானம் ஒரு தவறான புரிதலால் வாஷிங்டன் அருகே மலையில் மோதி 92 பேர் இறந்தார்கள். ஆறு வாரம் முன்பு அதே இடத்தில் யுனைடெட் விமானம் ஒன்று அதே தவறான புரிதலால் மலையில் இடிக்காமல் தப்பியிருந்தது. யுனைடெட் தன் விமானிகளை எச்சரித்தது. அந்தச் செய்தி டிடபிள்யூஏவுக்குப் போகவில்லை. 1976-இல் நாசா நடத்தும் ரகசிய அறிக்கை முறை பிறந்ததற்கு இந்த விபத்தும் ஒரு காரணம்.

மோதல் தவிர்ப்புக் கருவிதான் இருக்கிறதே, எழுதினால் என்ன, எழுதாவிட்டால் என்ன என்று கேட்கலாம். 2018 ஜூலை 10 அன்று கோவை–ஹைதராபாத் விமானமும் பெங்களூர்–கொச்சி விமானமும் 200 அடி உயர வித்தியாசத்தில் நெருங்கியபோது அந்தக் கருவிதான் காப்பாற்றியது. ஆனால் அது சுமார் 27,000 அடியில் நடந்தது. தரையிலிருந்து ஏறக்குறைய 1,000 அடிக்குள் அந்தக் கருவி ஏறு, இறங்கு என்று கட்டளையிடாது. புறப்பட்ட கணத்தில் மனிதர்களின் ஒருங்கிணைப்பே காவல். அது எங்கே அறுகிறது என்பதைக் கருவி சொல்லாது, பதிவேடுதான் சொல்லும். எழுதினால் வேலைக்கு உலை என்ற பயம் இன்னும் வலுவான ஆட்சேபம். பயம் நியாயமானதே. அதனால்தான் நாசா முறையில் பெயர் நீக்கப்படுகிறது. தெரியாமல் செய்த தவறைத் தானே முன்வந்து சொன்னவருக்கு அபராதத்திலிருந்து விலக்கும் உண்டு. பயத்துக்கு மருந்து அந்தப் பாதுகாப்பு, மௌனம் அல்ல.

2004 வரை தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரில் ஆண்டுக்கு 3 கோடிப் பயணிகளைக் கையாளும் விமான நிலையம் அமையும் என்று 2024 ஜூனில் தமிழக அரசு அறிவித்தது. அது வந்தால் தேவனஹள்ளியும் ஓசூரும் நெருக்கமான ஒரே வானத்தைப் பங்குபோட வேண்டும். நிலத்தின் அளவும் ஓடுபாதையின் நீளமும் பேசப்படும் இப்போதே, தப்பிய கண்டங்களை எழுதும் பழக்கத்தையும் எழுதியவரைக் காக்கும் விதியையும் திட்டத்தில் சேர்க்க வேண்டும்.