கசுஷி சகுராபா: வேடமும் மெய்யும்

சண்டைக்காரர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றில் இலக்கிய வாசகருக்கு என்ன இருக்கிறது என்ற கேள்வி எழுவது இயல்பே. ஆயினும் ஜப்பானியரான கசுஷி சகுராபாவின் வரலாறு, நடிப்பைப் பற்றியும் மெய்யைப் பற்றியும் சிந்திப்போர் எவரும் புறக்கணிக்க இயலாதது. நடிப்பதற்காகக் கற்ற கலையை உண்மையான களத்தில் மெய்ப்பிக்கவேண்டிய நெருக்கடி ஒரு கூட்டத்தாருக்கு வந்தது. மெய்ப்பித்தவரோ அக்கூட்டத்தின் நட்சத்திரங்களுள் ஒருவராக இல்லாதவர். அதற்கான விலையும் அவர் உடலிலிருந்தே வசூலிக்கப்பட்டது.

முதலில் சொல்லாட்சி குறித்து ஒரு விளக்கம். ‘மிக்ஸ்ட் மார்ஷியல் ஆர்ட்ஸ்’ என்பதற்குத் தமிழில் இன்னும் நிலைத்த சொல் வாய்க்கவில்லை. இங்கே ‘கலப்புச் சண்டை’ என்று ஆள்கிறோம். குத்து, உதை, மற்பிடி, மூட்டுகளை முறுக்கும் பூட்டு, கழுத்து நெரிப்பு ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். எதிரி நினைவிழந்தாலோ, கையால் தட்டித் தோல்வியை ஒப்புக்கொண்டாலோ, நடுவர் நிறுத்தினாலோ போட்டி முடியும். மூலையில் நிற்கும் துணைவர்கள் துண்டை வீசி எறிந்தாலும் முடியும். வீரனுக்குத் தெரியாத அபாயம் அவனைச் சேர்ந்தவர்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கையில் பிறந்த வழக்கம் இது. இத்துண்டு நம் கட்டுரையில் மீண்டும் வரும்.

சகுராபா 1969 ஜூலை 14 அன்று வடக்கு ஜப்பானின் அகிதா மாகாணத்தில் பிறந்தார். ‘டைகர் மாஸ்க்’ என்னும் புலிமுகமூடி மல்லரின் சாகசங்கள் 1981 முதல் ஜப்பானியத் தொலைக்காட்சியை ஆட்டிப்படைத்த காலத்தில் அவருக்கு வயது பன்னிரண்டு. தொழில்முறை மல்லராகவேண்டும் என்ற ஆசை அங்கே முளைத்தது. சூவோ பல்கலைக்கழகத்தில் முறையான மல்யுத்தம் பயின்றவர், 1993-இல் யு.டபிள்யு.எஃப். இன்டர்நேஷனல் என்ற நிறுவனத்தின் மேடையில் அறிமுகமானார்.

தொழில்முறை மல்யுத்தம் என்பது வெற்றி தோல்வி முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்ட ஆட்டம். மேற்சொன்ன நிறுவனமும் அதற்கு விலக்கன்று. ஆனால் கோமாளித்தனங்களையும் கயிற்றில் தாவும் வித்தைகளையும் குறைத்து, ‘எங்களுடையதே மெய்யான சண்டை’ என்று அது விளம்பரம் செய்தது. முடிவுகள் பொய், பயிற்சியோ பொய்யன்று. இங்கிலாந்தின் மான்செஸ்டரைச் சேர்ந்த முதுபெரும் மல்லர் பில்லி ராபின்சன் அங்கே ஆசானாக இருந்தார். விகன் நகரத்தின் ‘பாம்புக்குழி’ என்று பெயர்பெற்ற பயிற்சிக்கூடத்தில் வளர்ந்தவர் அவர். மூட்டுகளைப் பூட்டி முறிக்கும் பழைய ஆங்கிலேய மல்வித்தை அவர்வழியே சகுராபாவிடம் வந்துசேர்ந்தது. மேடையில் காட்டுவதற்குத் தேவையானதைவிட மிகுதியாகவே கற்றுக்கொண்டார் என்பதுதான் பின்னர் முக்கியமாயிற்று.

இனிப் பிரேசிலுக்குச் செல்லவேண்டும். மிட்சுயோ மாயேதா என்ற ஜப்பானிய ஜூடோ வீரர் 1914-இல் பிரேசிலை அடைந்தார். அவரிடமிருந்து கிரேசி குடும்பத்தார் கற்று வளர்த்ததே பிரேசிலிய ஜியு-ஜிட்சு. 1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனீரோவின் மரக்கானா அரங்கில், அக்குடும்பத்தின் எலியோ கிரேசியை ஜப்பானிய ஜூடோ மேதை மசாஹிகோ கிமுரா எதிர்கொண்டார். தோளையும் முழங்கையையும் ஒருசேரத் திருகும் பூட்டொன்றில் எலியோவின் கை ஒடிந்தது. ஒடிந்தும் அவர் தட்டவில்லை. மூலையிலிருந்துதான் துண்டு வந்தது. தோற்ற குடும்பம் அந்தப் பூட்டுக்கு வென்றவரின் பெயரையே வைத்தது. இன்றும் அது ‘கிமுரா’தான். பகைவனின் பெயரைத் தம் பாடத்திட்டத்தில் நிலைநிறுத்திய இப்பெருந்தன்மைக்கு இணையாக வேறொன்றை நாம் கண்டதில்லை.

1993 நவம்பர் 12 அன்று அமெரிக்காவின் டென்வர் நகரில் நடந்த முதல் யு.எஃப்.சி. போட்டியில் எலியோவின் மகன் ராய்ஸ், தம்மிலும் பருத்தவர்களை வென்று உலகின் கவனத்தை ஈர்த்தார். (பிரேசிலிய ஒலிப்பில் இவர் ‘ஹோய்ஸ்’, ஆங்கில எழுத்தின் வழியே நமக்குப் பழகிவிட்ட வடிவத்தையே எழுதுகிறோம்.) ‘நாங்களே மெய்’ என்று முழங்கிய ஜப்பானிய மல்லர்களுக்கு இது தலைவலியாயிற்று. 1994 டிசம்பரில் அந்நிறுவனத்தின் யோஜி அஞ்ஜோ, ராய்ஸின் அண்ணன் ரிக்சனின் லாஸ் ஏஞ்சல்ஸ் பயிற்சிக்கூடத்துக்கே சென்று அறைகூவல் விடுத்து, குருதி வழியும் முகத்தோடு திரும்பினார். 1997 அக்டோபர் 11 அன்று ‘பிரைட்’ அமைப்பின் முதல் நிகழ்ச்சியில், நிறுவனத்தின் பெருந்தலைவரான நொபுஹிகோ தகாடாவையே ரிக்சன் ஐந்து நிமிடத்துக்குள் கைப்பூட்டில் வீழ்த்தினார். கூத்தில் அரசவேடம் கட்டியவர் மெய்யான போர்க்களத்துக்கு அழைக்கப்பட்டால் என்ன நேருமோ அதுவே நேர்ந்தது. தொழில்முறை மல்யுத்தத்தின் மானம் போயிற்று என்றே அதன் அன்பர்கள் கருதினர்.

இரண்டு மாதங்கள் கழித்து, 1997 டிசம்பர் 21 அன்று, யொகொஹாமாவில் யு.எஃப்.சி. பெரிய எடைப்பிரிவுப் போட்டிகள் நடந்தன. தம்மைவிட மிகப் பருத்தவரான பிரேசிலியர் மார்கஸ் சில்வெய்ராவை சகுராபா எதிர்கொண்டார். குத்துமழைக்கிடையே எதிரியின் காலைப் பிடிக்கக் குனிந்தவரை, மயங்கி விழுகிறார் என்று எண்ணி நடுவர் போட்டியை நிறுத்திவிட்டார். சகுராபா மேடையைவிட்டு இறங்க மறுத்தார். ஒளிப்பதிவைப் பார்த்தபின் முடிவு ரத்தாயிற்று. அன்றே மற்றொரு போட்டியில் அஞ்ஜோவை வென்றிருந்த டாங்க் அபட் காயத்தால் விலக, சகுராபாவும் சில்வெய்ராவும் அதே இரவில் மீண்டும் மோதினர். நான்கு நிமிடத்துக்குள் கைப்பூட்டு; சில்வெய்ரா தட்டினார். உண்மையில் தொழில்முறை மல்லர்கள் வலிமையானவர்கள் என்ற பொருள்பட சகுராபா அன்று மேடையில் கூறியது ஜப்பானில் புகழ்பெற்ற வாசகமாயிற்று.

அதன்பின் வந்தவை பிரைட் ஆண்டுகள். 1999 ஏப்ரலில் விட்டோர் பெல்ஃபோர்ட்டை வென்றார். அதே நவம்பரில் ராய்லர் கிரேசியின் தோளைப் பூட்டினார். ராய்லர் தட்டாதபோதும் நடுவர் நிறுத்தினார். ராய்லர் தம்மைவிட எடை குறைந்தவர் என்பதையும் சொல்லவேண்டும். அந்தப் பூட்டு எலியோவின் கையை ஒடித்த அதே கிமுராதான். ஆனால் சகுராபா வளர்ந்தது கிமுராவின் ஜூடோ மரபில் அன்று. ஆங்கிலேய மல்லர்கள் ‘இரட்டை மணிக்கட்டுப் பூட்டு’ என்று வழங்கிய அதே பிடி ராபின்சனின் மரபுக்கும் உரியது. ஒரே பூட்டு இரு வழிகளில் பயணம்செய்து ஒரே மேடையில் சந்தித்தது என்றால் மிகையில்லை.

ராய்ஸுடனான மோதல் 2000 மே 1 அன்று டோக்கியோ டோமில் நிகழ்ந்தது. கிரேசி தரப்பின் வேண்டுகோளால் தனி விதிகள்: பதினைந்து நிமிடச் சுற்றுகள், எண்ணிக்கைக்கு வரம்பில்லை, நடுவர் நிறுத்தமாட்டார், புள்ளித் தீர்ப்பும் கிடையாது. எவர் மானத்துக்கு அஞ்சுகிறாரோ அவரே தோற்பார் என்பதுபோன்ற ஏற்பாடு. இத்தகைய கடும் சூழலில் சகுராபா மேடைக்கு வந்த விதத்தைப் பார்க்கவேண்டும். ஒரே மாதிரி முகமூடி அணிந்த மூவர் அணிவகுத்து வந்தனர். அவர்களுள் அவர் எவர் என்பது பார்ப்போருக்குத் தெரியவில்லை! எண்பதுகளின் மல்யுத்த மேடையில் புகழ்பெற்றிருந்த முகமூடி அது. போட்டியின் நடுவிலோ, ராய்ஸ் அணிந்திருந்த பயிற்சி அங்கியை இழுத்து அவரையே கட்டுவதும், கால்சட்டையை உருவ முயல்வதுமாக அரங்கைச் சிரிக்கவைத்தார்.

சகுராபாவின் தனித்தன்மை இதில்தான் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அவர் காலத்தில் அவரைவிட வலியவர்கள் பலர் இருந்தனர். தம் கூட்டத்தின் பொய்யை மெய்யாக்க வந்தவர் வேடத்தைக் களைந்துவிட்டு வந்திருக்கலாம். பிறர் அப்படித்தான் செய்தனர். இவர் வேடத்தோடே வந்தார். சக்கரம்போல் உருண்டு எதிரியின் கால்களைத் தாண்டுவது, இரு கைகளையும் ஒருசேர ஓங்கித் தோள்களில் வெட்டுவது எனத் தொலைக்காட்சி மல்லர்களின் அசைவுகளை உயிர்போகும் களத்தில் செய்துகாட்டினார். பயிற்சியில் நாட்டமில்லாதவர்போலப் புகைப்பதும் குடிப்பதும்கூட அவருடைய புகழில் ஒரு பகுதியாயின. நகைச்சுவை அவருக்கு உத்தியாகவும் இருந்தது. அடுத்து என்ன செய்வார் என்று அறியாத எதிரி தயங்கினான். அத்தயக்கத்தில் பூட்டு விழுந்தது.

ஆறு சுற்றுகள், தொண்ணூறு நிமிடங்கள் கடந்தன. உதைபட்ட காலோடு ராய்ஸ் நிற்கவே தடுமாறினார். ஏழாம் சுற்றுக்குமுன் கிரேசி குடும்பத்தாரின் கையிலிருந்து துண்டு பறந்தது. சுற்றுமுறைப் போட்டியாதலால், சகுராபா அன்றிரவே அடுத்த ஆட்டத்துக்கும் வந்தார். எதிரே உக்ரைனின் ஈகோர் வோவ்சான்சின் என்னும் கொடுங்குத்தர். பதினைந்து நிமிடங்கள் சமாளித்தபின் கூடுதல் சுற்று அறிவிக்கப்பட்டபோது, சகுராபாவின் மூலையும் துண்டை வீசியது. சரியான நேரத்தில் வீசப்பட்ட துண்டு என்றே சொல்வோம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் ரென்சோ கிரேசியின் முழங்கை அதே பூட்டில் நழுவியது, அவரும் தட்டவில்லை. டிசம்பரில் ரயன் கிரேசி புள்ளிகளில் தோற்றார். ‘கிரேசி வேட்டையர்’ என்ற பட்டம் நிலைத்தது.

பின்னர் வந்தது கணக்குத் தீர்க்கும் காலம். சகுராபாவின் இயல்பான எடை ஏறத்தாழ 85 கிலோ. அவருக்கேற்ற எடைப்பிரிவு பிரைடில் அன்று இல்லை. அரங்கை நிரப்பும் பெயரோ அவருடையது. 2001 மார்ச்சில் பிரேசிலின் வாண்டர்லெய் சில்வா அவரை இரண்டு நிமிடத்துக்குள் வீழ்த்தினார். நவம்பரில் மறுபோட்டி, காறை எலும்பு முறிந்தது. 2002 ஆகஸ்டில் சுமார் நூறு கிலோ எடையுள்ள மிர்கோ குரோ காப்புடன் மோதவிட்டனர். கண்குழி எலும்பு உடைந்தது. 2003 ஆகஸ்டில் மூன்றாம் முறையாக சில்வா, நினைவிழந்து வீழ்ந்தார். 2006-இல் பிரைடைவிட்டு வெளியேறி ‘ஹீரோஸ்’ அமைப்பில் ஆடிய முதல் போட்டியில், லித்துவேனியரான ஸ்மிர்னோவாஸின் குத்துகளில் ஏறக்குறைய உணர்விழந்தும் நடுவர் நிறுத்தவில்லை. எழுந்து கைப்பூட்டில் வென்றார். அரங்கம் ஆர்ப்பரித்தது. அவ்வெற்றியை வீரம் என்று போற்றுவோர் உளர்; அந்த நடுவர் செய்தது பிழையென்றே நாம் கருதுகிறோம். எழுந்துவிடுவார் என்ற நம்பிக்கை பார்ப்போரின் இன்பத்துக்குரியது. அதற்கான விலை மட்டும் அவருடைய மண்டைக்குள் செலுத்தப்பட்டது.

மொத்தக் கணக்கு இது: 26 வெற்றி, 17 தோல்வி, ஒரு சமன், முடிவு அறிவிக்கப்படாதவை இரண்டு. அப்பதினேழு தோல்விகளுள் பதினைந்து 2001 மார்ச்சிலும் அதன் பின்னரும் வந்தவை. அவற்றுள் ஒன்று 2007-இல் ராய்ஸிடம் புள்ளிகளில் கண்ட தோல்வி. அப்போட்டிக்குப்பின் ராய்ஸின் சோதனையில் ஊக்கமருந்து கண்டறியப்பட்டது. 2010-இல் கிரேசி குடும்பத்து இளையவர் ராலெக்கிடமும் தோற்றார். அவ்வாண்டின் கடைசி நாளில் மரியுஸ் ஸரோம்ஸ்கிஸுடன் மோதியபோது காது கிழிந்து தொங்கிற்று. 2011-க்குப்பின் நான்காண்டுகள் கலப்புச் சண்டையில் இல்லை. தொழில்முறை மல்யுத்த மேடைக்கே, தம் முதற்காதலுக்கே, திரும்பியிருந்தார்.

ஆனால் 2015 டிசம்பர் 29 அன்று ‘ரிஸின்’ என்ற புதிய அமைப்பின் தொடக்க நிகழ்ச்சிக்கு மீண்டும் அழைக்கப்பட்டார். வயது 46. எதிரி ஷின்யா அயோகி, பதினான்கு ஆண்டுகள் இளையவர். கீழே கிடந்த சகுராபாவின் முகத்தில் குத்துகள் இடைவிடாது விழ, முதற்சுற்றிலேயே அவருடைய மூலையிலிருந்து துண்டு வந்தது. அதுவே அவருடைய கடைசிக் கலப்புச் சண்டை. 2017-இல் யு.எஃப்.சி. தன் புகழ்மண்டபத்தில் முன்னோடிகள் வரிசையில் அவரைச் சேர்த்தது.

2018-இல் ‘குவின்டெட்’ என்னும் போட்டியைச் சகுராபாவே தொடங்கினார். அணிக்கு ஐவர், வென்றவர் அடுத்த எதிரியைச் சந்திக்க மேடையிலேயே நிற்பார், சமன் என்றால் இருவரும் வெளியேறுவர். பிடிகளும் பூட்டுகளும் நெரிப்புகளும் உண்டு. குத்தும் உதையும் கிடையாது.