காது டாக்டர் எழுதிய பத்தியம்

மாவையும் சர்க்கரையையும் விலக்கினால் உடம்பு இளைக்கும் என்பதை ஊரறியச் சொன்னவர் டாக்டர் இல்லை. லண்டனில் சாவுக் காரியங்களை நடத்திக்கொடுக்கும் தொழில் செய்தவர். பெயர் வில்லியம் பாண்டிங். செயின்ட் ஜேம்ஸ் தெருவில் கடை. பிரிட்டிஷ் அரச குடும்பத்தில் யார் கண்ணை மூடினாலும் பெட்டி செய்வது முதல் ஊர்வலம் நடத்துவது வரை பாண்டிங் குடும்பத்தின் பொறுப்பு. மூன்றாம் ஜார்ஜ் மன்னர், நெப்போலியனை வென்ற வெலிங்டன் பிரபு, விக்டோரியாவின் கணவர் ஆல்பர்ட் எல்லாரும் அவர்கள் கைவழியாகத்தான் போனார்கள்.

1862 ஆகஸ்டில் பாண்டிங்குக்கு வயது அறுபதைத் தாண்டிச் சில வருடங்கள் ஆகியிருந்தன. உயரம் 5 அடி 5 அங்குலம். எடை 202 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 92 கிலோ. குனிந்து ஷூ கயிறு கட்ட முடியாது. மாடிப்படி இறங்கும்போது முழங்காலும் கணுக்காலும் தாங்காது என்பதால், ஏறுகிறவர்போல முகத்தைப் படிப்பக்கம் வைத்துக்கொண்டு பின்புறமாகவே மெல்ல இறங்குவார். தொப்புளில் குடலிறக்கம் வேறு.

அவர் வைத்தியம் பார்க்காமல் விட்டவரும் இல்லை. உடலுழைப்பு போதாது என்றார் ஒரு டாக்டர். கனமான படகு ஒன்றை வைத்துக்கொண்டு தினமும் விடியற்காலையில் துடுப்பு போட்டார். கை கால்களுக்குப் பலம் வந்தது, கூடவே அகோரப் பசியும் வந்தது. தின்று தின்று இன்னும் பெருத்தார். (ஜிம்முக்குப் போய்த் திரும்பும் வழியில் பரோட்டாக் கடையில் வண்டியை நிறுத்துகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.) கடல் காற்று வாங்கினார், துருக்கிக் குளியல் போட்டார், ஊர் ஊராகப் போய் ஊற்றுத் தண்ணீர் குடித்தார். இருபது வருடம் இப்படிப் போனது.

கடைசியில் அவர் சோஹோ சதுக்கத்தில் இருந்த வில்லியம் ஹார்வி என்ற டாக்டரிடம் போனது எடைக்காக அல்ல, காதுக்காக. கேட்கும் திறன் குறைந்துகொண்டே வந்தது. ஹார்வி காது வைத்தியர். சோதித்துப் பார்த்தவர், காதில் பெரிய கோளாறு ஏதும் இல்லை, உடம்பில் ஏறிய கொழுப்புதான் காதையும் கெடுக்கிறது என்று முடிவுக்கு வந்தார். கொழுப்பைக் கரைக்க வேண்டும். எப்படி?

இந்த இடத்தில் ஹார்விக்குக் கைகொடுத்தது பழைய பாரிஸ் பயணம். 1856இல் அங்கே போயிருந்தபோது, ஈரல் தானே ஒருவகைச் சர்க்கரையைச் சுரக்கிறது என்ற பிரெஞ்சு உடலியலாளர் குளோட் பெர்னாரின் கருத்தைப் பற்றிய விவாதத்தைக் கேட்டிருந்தார். நீரிழிவுக்காரர்களுக்கு மாவும் சர்க்கரையும் நீக்கி இறைச்சியாகக் கொடுத்தால் சிறுநீரில் சர்க்கரை குறைவதும் அவருக்குத் தெரியும். ஜான் ரோலோ என்ற ராணுவ டாக்டர் 1797லேயே இதை எழுதிவைத்துவிட்டார். பண்ணையில் மாட்டைக் கொழுக்க வைக்க மாவுத் தீவனம் போடுகிறார்களே, அதே மாவை மனிதனிடமிருந்து எடுத்துவிட்டால் என்ன என்று ஹார்வி யோசித்தார். பாதி அறிவியல், பாதி ஊகம். பாண்டிங்குக்கு அது பலித்தது.

விலக்கச் சொன்னவை: ரொட்டி, வெண்ணெய், பால், சர்க்கரை, பீர், உருளைக்கிழங்கு. பாண்டிங் அதுவரை உயிர் வாழ்ந்ததே இவற்றை வைத்துத்தான். பதிலுக்குக் கிடைத்த தட்டைப் பார்க்க வேண்டும். காலை ஒன்பது மணிக்கு மாட்டிறைச்சியோ ஆட்டிறைச்சியோ வாட்டிய மீனோ நாலைந்து அவுன்ஸ், பாலும் சர்க்கரையும் இல்லாத டீ, காய்ந்த டோஸ்ட் ஒரே ஒரு அவுன்ஸ். மதியம் மீனும் இறைச்சியும் கோழியும், உருளை தவிர எந்தக் காயும், இரண்டு மூன்று கிளாஸ் ஒயின். ஆறு மணிக்குக் கொஞ்சம் பழமும் டீயும். ராத்திரி ஒன்பதுக்கு மறுபடி இறைச்சி அல்லது மீன், மறுபடி ஒயின். படுக்கப்போகும் முன் வேண்டுமானால் சர்க்கரை சேர்க்காத ஜின்னோ விஸ்கியோ பிராந்தியோ. டோஸ்ட் வறண்டுபோய் இறங்கவில்லை என்றால் ஒரு கரண்டி சாராயத்தில் நனைத்துக்கொள்ளலாம்! இன்றைய கீட்டோ ஆசான்கள் தூக்கிக் கொண்டாடும் வெண்ணெய்க்குத் தடை, ஒயினுக்கு அனுமதி. மூலப் பத்தியம் இதுதான்.

என்னைக் கேட்டால், பாண்டிங் செய்தவற்றில் பெரிய காரியம் தின்றதோ விட்டதோ அல்ல, தேதி போட்டு எடையைக் குறித்துவைத்ததுதான். ஆகஸ்ட் 26இல் 202 பவுண்டு. செப்டம்பர் 7இல் 200. செப்டம்பர் 27இல் 197. ஒரு மாதப் பத்தியத்துக்குக் கிடைத்த கூலி வெறும் 5 பவுண்டு, இரண்டேகால் கிலோ. இன்றைக்கு இந்தக் கணக்கைக் காட்டினால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். ஆனால் பட்டியல் நிற்காமல் ஓடுகிறது: டிசம்பர் 24இல் 184, மறு வருடம் ஏப்ரலில் 170, செப்டம்பரில் 156. ஒரு வருடத்தில் 46 பவுண்டு, ஏறக்குறைய 21 கிலோ. இடுப்பில் 12 அங்குலத்துக்கு மேல் போய்விட்டது. படி இறங்குவது சாதாரணமாகிவிட்டது. கேட்கும் திறனும் தேறியது என்று அவரே எழுதியிருக்கிறார்.

அதை எழுதிய விதம் இன்னொரு விசேஷம். 1863இல் உடல் பருமன் பற்றிப் பொதுமக்களுக்கு ஒரு கடிதம் என்று சின்னப் பிரசுரம் ஒன்றைச் சொந்தச் செலவில் அச்சடித்து இலவசமாகவே கொடுத்தார். கேட்டு மாளவில்லை. மூன்றாம் பதிப்பிலிருந்துதான் விலை வைத்தார், ஒரு ஷில்லிங். அதில் வந்த லாபமும் தர்மத்துக்கே போனது. கொஞ்ச நாளில் 'பாண்டிங்' என்றாலே பத்தியம் இருந்து இளைப்பது என்று இங்கிலாந்தில் புழங்க ஆரம்பித்தது. மருத்துவ உலகத்துக்கு எரிச்சல். இதில் புதிதாக ஒன்றுமே இல்லை என்றார்கள் சிலர், இது ஆபத்து என்றார்கள் சிலர். புதிதில்லை என்றது நியாயம்தான்: பிரெஞ்சுக்காரரான பிரியா சவரேன் 1825இல் வெளிவந்த தன் சுவை நூலிலேயே, பருமனுக்குக் காரணம் மாவுதான் என்று எழுதியிருந்தார். ஆனால் அதைப் படித்தவர்கள் விருந்து மேஜைக்காரர்கள். பாண்டிங் நோயாளி நோயாளியிடம் பேசுவதுபோலப் பேசினார், எடைப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார். கேலிக்கு ஆளான ஹார்வி தன் பக்கத்து விளக்கத்தை 1872இல்தான் புத்தகமாகப் போட்டார். கதாநாயகர் 1878இல், எண்பதைத் தாண்டிய வயதில் காலமானார்.

அதன்பிறகு இந்தப் பத்தியம் பலமுறை மறுபிறப்பு எடுத்தது. பேர் போனது, நியூயார்க் இதய டாக்டர் ராபர்ட் அட்கின்ஸ் எடுத்த பிறப்பு. 1963இல் ஒரு மருத்துவ இதழில் வந்த கட்டுரையைப் படித்துத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்தார். 1972இல் புத்தகம் போட்டார். அமெரிக்க மருத்துவ சங்கம் மறுவருடமே கண்டித்தது. எண்ணெயும் வெண்ணெயும் தாராளமாக உள்ளே வந்தது இந்த வழியில்தான். தமிழ்நாட்டுக்கு வந்தது 2010களின் நடுவில், முகநூல் குழுக்கள் வழியாக, பேலியோ என்ற பெயரில்: காலையில் 100 பாதாம், மதியம் கறியோ பனீரோ, ராத்திரி முட்டை. இங்கேதான் பத்தியத்தின் கடுமை முழுசாகத் தெரிந்தது. அட்கின்ஸின் பிற்காலப் பதிப்புகள் முதல் இரண்டு வாரத்துக்கு அனுமதிக்கும் மாவுச்சத்து நாளைக்கு 20 கிராம். இரண்டு இட்லியில் அது தீர்ந்துவிடும். ஒரு கப் சோறு என்றால் 45 கிராம்.

நம்மவர்கள் பெரும்பாலும் ஒரு மாதம் இருந்து பார்ப்போம் என்றுதான் இறங்குகிறார்கள். முதல் வாரத்திலேயே எடை இரண்டு மூன்று கிலோ சரியும். வீட்டில் எல்லாருக்கும் வியப்பு. இதற்கான விடையும் பெர்னாரிடமே இருக்கிறது. 1857இல் அவர் ஈரலிலிருந்து பிரித்தெடுத்த கிளைக்கோஜன்தான் உடம்பின் சர்க்கரைக் கையிருப்பு. ஈரலிலும் தசைகளிலும் சேர்த்து அரைக் கிலோ அளவுக்கு இருக்கும். ஒவ்வொரு கிராமும் சுமார் 3 கிராம் தண்ணீரைக் கட்டிவைத்திருக்கும். மாவை நிறுத்தினால் கையிருப்பு கரையும், தண்ணீரும் வெளியேறும். இன்சுலின் குறைவதால் சிறுநீரகம் உப்பையும் சேர்த்துத் தள்ளும். தலைவலி, அசதி, கால் பிடிப்பு எல்லாம் அதனால் வருவது. உப்புப் போட்ட எலும்பு சூப் குடித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும். மாதம் முடிந்து பிரியாணி சாப்பிட்டதும் இரண்டு கிலோ திரும்பி வருவதும் இதே தண்ணீர்தான். அதனால் மாவைக் குறைக்கும் இந்த ஒரு மாத 'லோ கார்ப்' என்பதில் முதல் வாரத்து எண்ணை நான் கணக்கிலேயே சேர்க்க மாட்டேன். இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் அந்த முதல் வாரத்தை டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது. சாப்பாட்டில் மாவு குறைந்து மருந்தின் அளவு மட்டும் அப்படியே இருந்தால் சர்க்கரை படுபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

வருடக் கணக்கில் பார்த்தவர்களும் உண்டு. ஸ்டான்ஃபோர்டில் 609 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்குக் கொழுப்பைக் குறைத்தார்கள், மறு பாதிக்கு மாவைக் குறைத்தார்கள். 2018இல் முடிவு வெளியானது. ஒரு வருடத்தில் கொழுப்பைக் குறைத்தவர்கள் சராசரி 5.3 கிலோ இளைத்தார்கள், மாவைக் குறைத்தவர்கள் 6 கிலோ. பெரிய வித்தியாசமில்லை என்று ஆய்வாளர்களே சொல்லிவிட்டார்கள். ஆனால் இரண்டு பக்கத்திலும் 30 கிலோ வரை குறைந்தவர் இருந்தார், 10 கிலோ வரை ஏறியவரும் இருந்தார். யாருக்கு எது ஒத்துவரும் என்று மரபணுவைப் பார்த்தார்கள், இன்சுலின் சுரப்பைப் பார்த்தார்கள். இரண்டாலும் முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. 21 கிலோ இளைத்த பாண்டிங் அந்த 609 பேரில் இருந்திருந்தால் குறைந்த ஓரத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பார். 1863இல் பிரசுரம் போட்டவர் அவர் ஒருவர்தான். ஏறிய ஓரத்துக்காரர்கள் யாரும் போடவில்லை.