விளக்குகள் அணையும் முன்

அந்திப்பொழுதில் எடுத்த நகரப் புகைப்படம் ஒன்றைக் காணும்போது நாம் முதலில் வானத்தின் நிறத்தையே வியக்கிறோம். கட்டடங்களில் ஒளிரும் சாளரங்களுக்குப் பின்னால் யார் இருந்தனர் என்று கேட்பதில்லை. பெரெனிஸ் அபாட் 1932-இல் எடுத்த நியூயார்க் இரவுக் காட்சி அக்கேள்வியைக் கேட்கத் தூண்டும் படம்.

அந்நகரின் அந்தியைப் படமாக்கியவருள் அவர் முதல்வர் அல்லர். 1902-இல் எழுந்த ஃபிளாட்அயர்ன் கட்டடத்தை எட்வர்ட் ஸ்டைக்கன் 1904-இல் படமெடுத்தார். ஈரத்தெரு, இலையுதிர்ந்த கிளை, மங்கலாய் நிற்கும் வண்டியோட்டிகள். பிளாட்டின அச்சின்மேல் நிறமி ஏற்றி, ஓவியத்துக்கு நிகராக அதனை அமைத்தார். புகைப்படமும் கலையே என்று நிறுவுவது அத்தலைமுறையின் நோக்கமாயிருந்தது.

அபாட்டின் நோக்கம் வேறு. பாரிசில் மான் ரேயிடம் உதவியாளராய்த் தொழில் கற்ற அவர், பழைய பாரிசைத் தெருத்தெருவாய்ப் பதிவு செய்த அஜேயின் படங்களைக் காத்தவர். 1929-இல் நியூயார்க் திரும்பியபின், மாறிவரும் அந்நகரை ஆவணமாக்க முனைந்தார். 1931-இல் திறக்கப்பட்ட எம்பயர் ஸ்டேட் கட்டடம் அவருக்கு உயரத்தைத் தந்தது. பொழுதைத்தான் அவர் கணக்கிட்டுக் கண்டறிய வேண்டியிருந்தது.

மாலை ஐந்து மணிக்கு அலுவலகங்கள் கலையும். விளக்குகள் அணையத் தொடங்கும். கோடையில் அந்நேரம் வெயில் காயும். பகல் மிகக் குறுகிய டிசம்பர் நாட்களில் மட்டுமே, ஊழியர் எழுமுன் இருள் வந்துவிடும். அந்த அரைமணிக்குள் படம் அமைய வேண்டும். ஒளிபதியவோ பதினைந்து நிமிடம் தேவை. உச்சியில் காற்று அலைக்கழிக்கும் என்பதால் உள்ளிருந்தே ஒரு சாளரத்தின் வழியே எடுத்தார். பிழைத்தால் அன்று மறுவாய்ப்பில்லை. உயர்ந்த கட்டடங்கள் சற்றே அசையும் இயல்புடையன. அதனால் படம் அத்துணைத் தெளிவாய் அமைந்தது அவருக்கே வியப்பளித்தது.

இனி ஆண்டை நோக்குவோம். 1929 பங்குச்சந்தை வீழ்ச்சியைத் தொடர்ந்த பெருமந்தத்தின் நடுப்பகுதி அது. அமெரிக்கத் தொழிலாளருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவருக்கு வேலையில்லை. எம்பயர் ஸ்டேட்டிலேயே பல தளங்கள் குடியேறுவாரின்றிக் கிடந்தன. ‘வெற்று ஸ்டேட்’ என்று மக்கள் அதனை எள்ளினர். அத்தகைய காலத்தில் ஒளிர்ந்த சாளரம் பெரும்பாலும் வேலையிலிருந்த ஒருவரின் சாளரம்.

நம் அகமரபு மாலையை முல்லைக்கு உரியதாக்கியது; வினைமேற் சென்றவனை எதிர்நோக்கி இருக்கும் பொழுது அது. அபாட்டின் படத்திலும் வினைமுடித்து மீளாதவரின் விளக்குகளே எரிகின்றன. சென்று மீள ஒரு வினையும் இல்லாதவர்க்கு அப்படத்தில் விளக்கில்லை.

இன்று ஆளில்லாத தளங்களிலும் இரவு முழுதும் விளக்கெரிவதைக் காண்கிறோம். ஆதலின் ஒரு நகரப் படத்தை வரலாற்றுச் சான்றாகக் கொள்ளுமுன், அது எடுக்கப்பட்ட ஆண்டோடு மணியையும் கேட்டறிதல் வேண்டும்.