கட்டுச்சோறும் கால்பந்தும்

அமெரிக்காவில் 'கால்பந்து' என்று வழங்கும் ஆட்டம் நாம் அறிந்த கால்பந்து அன்று. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் அது. ஆட்ட நாளன்று இரசிகர்கள் சில மணி நேரம் முன்னதாகவே வந்து, அரங்கிற்கு வெளியே வண்டிகளை நிறுத்துவர். வண்டியின் பின்கதவை இறக்கினால் அதுவே மேசை. பக்கத்தில் அடுப்பு மூட்டி இறைச்சி வாட்டுவர். தெரிந்தவர், தெரியாதவர் எல்லோரும் கூடி உண்ட பின்னரே ஆட்டம் காணச் செல்வர். பின்கதவுக்கு ஆங்கிலத்தில் 'டெயில்கேட்' என்று பெயர். இவ்விருந்துக்கும் அதுவே பெயராயிற்று.

1869 நவம்பர் 6 அன்று ரட்கர்ஸ், பிரின்ஸ்டன் கல்லூரிகள் மோதிய முதல் ஆட்டத்திலேயே இவ்வழக்கம் தோன்றியது என்பாரும் உண்டு. பிற்காலத்தது என்பாரும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பின் மோட்டார் வண்டிகள் பெருகியதும், 1952-இல் மூடியுடன் கூடிய கரி அடுப்பு விற்பனைக்கு வந்ததும் இதனைப் பரப்பின என்பதில் ஐயமில்லை.

காட்சியைக் காணப் போகிறவர்கள் வண்டியில் உணவைக் கொண்டுபோய், வண்டியடியிலேயே உண்ணும் வழக்கம் நமக்கும் புதியதன்று. கடலூர், சிதம்பரம் வட்டாரத்தையே எடுத்துக்கொள்வோம்.

வண்டி கட்டிச் சென்ற திருவிழா

சிதம்பரத்தில் ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை என ஆண்டுக்கு இரு தேர்த் திருவிழாக்கள். கடலூரில் தை 5-ஆம் நாள் பெண்ணையாற்றில் ஆற்றுத் திருவிழா. சிதம்பரத்துக்கு அருகில் உள்ள கிள்ளையில் மாசி மகத் தீர்த்தவாரி. இவற்றுக்கெல்லாம் சுற்றுப்புறச் சிற்றூர்களிலிருந்து மக்கள் மாட்டு வண்டி கட்டிச் சென்றனர்.

கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே சுமார் 45 கிலோமீட்டர். மாட்டு வண்டி மணிக்கு 4 கிலோமீட்டர் போவதாகக் கொண்டாலும் 11 மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாடுகளுக்கு இளைப்பாறுதலும் வேண்டும். ஆகவே மாட்டுக்கு வைக்கோலும் மனிதருக்குக் கட்டுச்சோறும் வண்டியில் ஏறின. தோப்பு நிழலில் மாடுகளை அவிழ்த்துக் கட்டிவிட்டு, சோற்று மூட்டையைப் பிரிப்பார்கள்.

சோறு கெடாதது எப்படி?

வெறும் சோற்றை வெப்பமான நாளில் மூட்டையாகக் கட்டி வைத்தால் சில மணி நேரத்தில் ஊசிப்போகும். அரிசியோடு வரும் சிலவகை நுண்ணுயிரிகளின் வித்துகள் கொதிநீரிலும் சாவதில்லை. சோறு ஆறும்போது அவை முளைத்துப் பெருகும்.

நம் பாட்டிமார் இதற்குக் கண்ட மருந்து புளி. புளியில் டார்டாரிக் அமிலம் மிகுதி. அமிலத்தன்மை ஏறிய உணவில் அந்நுண்ணுயிரிகள் எளிதில் வளர்வதில்லை. புளிக்காய்ச்சலைச் சுண்டக் காய்ச்சுவதால் நீர் குறைகிறது; உப்பு, எஞ்சிய நீரையும் நுண்ணுயிரிகளுக்குக் கிட்டாமல் செய்கிறது. நல்லெண்ணெயில் இயற்கையாகவே உள்ள சில பொருள்கள் அது சிக்குப் பிடிப்பதைத் தாமதப்படுத்துகின்றன.

தயிர்சாதத்தில் மற்றோர் உத்தி. குழைந்த சோற்றில் பாலை ஊற்றிச் சிறிதளவே தயிர் சேர்ப்பார்கள். வழியிலேயே பால் உறைந்து, உண்ணும் வேளைக்குப் புளிக்காத தயிர்சாதம் ஆயத்தமாகிவிடும். நன்மை தரும் லாக்டிக் அமில நுண்ணுயிரிகள் முந்திக்கொண்டு பெருகித் தீயவற்றைத் தடுக்கின்றன. வாழை இலையை அனலில் வாட்டினால் அது துவண்டு, மடிக்கும்போது கிழிவதில்லை.

மூட்டைக்குள் ஒரு சுவர்

1870-களில் இவ்வட்டாரத்துக்கு இரயில் பாதை வந்தது. 11 மணி நேரப் பயணம் மிகச் சுருங்கியது. ஆயினும் கட்டுச்சோறு மறையவில்லை. காரணம் பசி மட்டுமன்று. பிறர் கையால் சமைத்ததை உண்ணலாகாது என்ற சாதிக் கட்டுப்பாடும் ஆகும். தோப்பில் அடுத்தடுத்து வண்டிகள் நின்றாலும், ஒரு வண்டிச் சோறு மறு வண்டிக்குப் போவதற்கு உறவும் சாதியும் ஒத்துவர வேண்டியிருந்தது. இரயில் நிலைய உணவு விடுதிகளிலும் பிராமணர்க்கு ஓர் இடம், மற்றவர்க்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தனர். பெரியாரும் நீதிக்கட்சியும் கிளர்ச்சி செய்ததன் பயனாக 1941-இல் அது ஒழிந்தது. சென்னை மாகாணக் கோயில் நுழைவு உரிமைச் சட்டம் 1947-இல்தான் வந்தது. அதுவரை தேரை ஒன்றாகக் கண்டவர்கள் கோயிலுக்குள் ஒன்றாகப் போக இயலவில்லை.

எனவே ஒரே காட்சிக்காகக் கூடுவதனால் மட்டும் மக்கள் ஒரு சமூகமாகி விடுவதில்லை. சோறு கைமாற வேண்டும். மரியாதையும் கைமாற வேண்டும். இதற்கு நல்ல எடுத்துக்காட்டும் இதே வட்டாரத்தில் உண்டு. மாசி மகத்தன்று கிள்ளைக்கு வரும் திருமுட்டம் பூவராகப் பெருமாளை அங்குள்ள தர்காவின் முன் முஸ்லிம் மக்கள் வரவேற்று மரியாதை செய்கின்றனர்.

பந்தாட்டக் களத்தில்

திருவிழாவைப் போலவே கூட்டம் சேர்க்கும் ஆற்றல் நம் நாட்டில் விளையாட்டுக்கும் உண்டு. கல்கத்தாவில் 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் குழுவினர், பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்‌ஷயர் படைப்பிரிவை 2-1 எனத் தோற்கடித்தனர். அந்த ஆட்டத்தைக் காண வெளியூர்களிலிருந்து இரயிலிலும் நீராவிப் படகிலும் மக்கள் வந்து குவிந்தனர். களத்தை எட்டிப் பார்க்க முடியாதவர்களுக்குக் காற்றாடி பறக்கவிட்டு கோல் கணக்கை அறிவித்தனர். 1920-இல் தோன்றிய ஈஸ்ட் பெங்கால் குழுவின் இரசிகர்களுக்கு வெற்றி விருந்து உல்லம் மீன். மோகன் பகான் இரசிகர்களுக்கு இறால். இன்ன குழுவின் இரசிகர் என்பதை அங்கே இலையைப் பார்த்தே சொல்லிவிடலாம்!

கடலூருக்கும் கால்பந்துப் பெருமை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கிய ஊர் இது. அதன் பின் இங்குள்ள இந்திரா காந்தி விளையாட்டு, கல்விக் கழகத்தில் ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகள் பலர் கால்பந்து பயின்றனர். கடலூரைச் சேர்ந்த இந்துமதி கதிரேசன் இந்திய அணியில் ஆடினார். 2018 பிப்ரவரியில் கட்டக் நகரில் நடந்த தேசிய மகளிர் போட்டியில் தமிழ்நாடு மணிப்பூரை 2-1 என வென்று முதன்முறையாகக் கோப்பையைப் பெற்றது.

ஆடுவதற்கு ஆள் உண்டு. அவர்களைக் காண வண்டி கட்டிப் போகும் கூட்டமும் வேண்டாமா? ஊர்ப் பெண்கள் பந்தாடும் நாளில் நாமும் புளிச்சோற்று மூட்டையுடன் மைதானத்துக்குப் போகலாம். பக்கத்தில் அமர்ந்திருப்பவர் யார், எந்தத் தெரு என்று கேளாமல் முதல் கவளத்தை அவருக்கு நீட்டலாம். புளி சோற்றைத்தான் காக்கும்; கூட்டத்தைக் காப்பது அந்தக் கவளமே.