இரண்டாவது தட்டு: மியான்மர் ராணுவ ஆட்சியும் இந்தியாவின் தேசநலனும்

சர்வாதிகார அரசோடு ஒரு ஜனநாயக நாடு உறவு கொள்ளும்போது இலட்சியத்தை ஒரு தட்டிலும் தேசநலனை மறுதட்டிலும் வைத்து நிறுத்துப் பார்ப்பது வெளியுறவு ஆய்வில் நெடுநாள் வழக்கம். இலட்சியத்துக்கு எவ்வளவு இடம் கொடுக்கலாம் என்றுதான் விவாதம் நடக்கிறது. தேசநலன் என்று மறுதட்டில் வைக்கப்படும் பொருள் அசலானதா என்று யாரும் அவ்வளவாகச் சோதிப்பதில்லை. 1988 முதல் மியான்மரோடு இந்தியா கொண்டிருந்த உறவை வைத்து அதைச் சோதிப்பதே இக்கட்டுரையின் நோக்கம். யாங்கூனில் ஆட்சியிலிருந்த ராணுவத்தோடு தில்லி பேசியதை நான் குறைசொல்லவில்லை. அந்த ராணுவத்தையே மொத்த நாடாகக் கணக்கில் கொண்டதால், இலட்சியத்தோடு சேர்ந்து நலனும் கெட்டது என்பதே என் வாதம்.

1988இல் ஜனநாயகம் கேட்டுப் போராடிய பர்மிய மாணவர்கள் சுடப்பட்டபோது ராஜீவ் காந்தி அரசு வெளிப்படையாகவே அவர்கள் பக்கம் நின்றது. தப்பி வந்தவர்களுக்கு மணிப்பூரிலும் மிசோரமிலும் முகாம்கள் திறக்கப்பட்டன. அகில இந்திய வானொலியின் பர்மிய மொழி ஒலிபரப்பு ராணுவ ஆட்சியைக் கடுமையாக விமர்சித்தது. 1990 தேர்தலில் ஜனநாயக இயக்கத் தலைவர் ஆங் சான் சூ கீயின் கட்சி ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் இடங்களை வென்றும் ஆட்சி கைமாறவில்லை. இந்தியாவின் நிலைப்பாட்டால் ராணுவம் அசையவில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

1993 மார்ச்சில் வெளியுறவுச் செயலர் ஜே.என். தீட்சித் யாங்கூன் சென்றதிலிருந்து போக்கு மாறியது. காரணங்கள் வலுவானவை. 1,643 கிலோமீட்டர் எல்லை. அதன் மறுபுறக் காடுகளில் நாகா, மணிப்பூர், அசாம் ஆயுதக் குழுக்களின் முகாம்கள். வடக்கிலிருந்து வேகமாக உள்ளே வந்துகொண்டிருந்த சீனா. 1995இல் சூ கீக்கு நேரு விருது அறிவிக்கப்பட்டதும், மிசோரம் எல்லையில் நடந்துகொண்டிருந்த கூட்டு நடவடிக்கையிலிருந்து பர்மியப் படை விலகிக்கொண்டது என்பதை நடைமுறைவாதிகள் இன்றும் எடுத்துக்காட்டுகிறார்கள். இலட்சியத்துக்கு உடனடி விலை உண்டு என்பதற்கு அது நல்ல சான்று. ஆனால் மறுபக்கக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

எரிவாயுவை எடுத்துக்கொள்வோம். ரக்கைன் கடற்பகுதியின் ஷ்வே வயலில் ஓஎன்ஜிசி விதேஷ், கெயில் ஆகிய இரண்டு இந்திய அரசு நிறுவனங்களும் பங்குதாரர்கள். அந்த வாயு இந்தியாவுக்கு வரும் என்ற எதிர்பார்ப்பு நெடுநாள் இருந்தது. 2007 ஜனவரியில் ஐ.நா. பாதுகாப்பு அவையில் மியான்மர் மீதான தீர்மானத்தைச் சீனாவும் ரஷ்யாவும் தங்கள் ரத்து அதிகாரத்தால் முறியடித்தன. அதே ஆண்டு செப்டம்பரில், புத்த பிக்குகள் யாங்கூன் தெருக்களில் ஊர்வலம் போய்க்கொண்டிருந்த நாட்களில், இந்தியப் பெட்ரோலிய அமைச்சர் முரளி தேவ்ரா மியான்மர் சென்று ஆய்வு ஒப்பந்தங்களுக்குச் சாட்சியாக இருந்தார். முடிவில் ஷ்வே வயலின் வாயுவைப் பெறும் ஒப்பந்தம் சீனாவுக்குப் போனது. 2013 முதல் அது குழாய்வழியாக யுன்னானுக்குப் போகிறது. ஒரு ராணுவ ஆட்சிக்கு அவசரமாகத் தேவைப்படுவது சர்வதேசப் பாதுகாப்பு. அதைத் தரும் ரத்து அதிகாரம் இந்தியாவிடம் இல்லை. அந்த நாட்களில் தில்லி காத்த மௌனத்துக்கு அந்தச் சந்தையில் விலையே இல்லாமல் போனது.

கலாதான் திட்டம் இன்னும் தெளிவான பாடம். கொல்கத்தாவிலிருந்து கடல்வழியாகச் சிட்வே, அங்கிருந்து ஆற்றுவழியாகப் பலேத்வா, பிறகு சாலைவழியாக மிசோரம் என்ற இத்திட்டத்துக்கு 2008இல் ஒப்பந்தமானது. சிட்வே துறைமுகம் 2023 மே மாதம்தான் இயங்கத் தொடங்கியது. சாலை முடியும் முன்பே, 2024 ஜனவரியில், பலேத்வா ‘அரக்கான் ராணுவம்’ என்ற கிளர்ச்சிப் படையின் கைக்குப் போய்விட்டது. அடுத்த மாதமே மிசோரமின் மாநிலங்களவை உறுப்பினர் ஒருவர் எல்லை தாண்டிப்போய் அந்தக் கிளர்ச்சிப் படையினரையே சந்தித்துச் சாலைப்பணி பற்றிப் பேச வேண்டியிருந்தது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட அரசின் அதிகாரம் அந்த மலைகளில் இல்லை. அப்பகுதியின் ரக்கைன், சின் மக்களோடு நேரடி உறவை வளர்ப்பதைத் தலையீடு என்று ஒதுக்கிவைத்ததன் விலை இது.

இந்த மௌனத்தின் விலை தமிழர்களுக்குப் புதிதல்ல. 1962இல் பர்மாவில் படைத்தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்து, 1964இல் கடைகளை நாட்டுடைமையாக்கியபோது இலட்சக்கணக்கான இந்தியர்கள் வெளியேறினார்கள். அவர்களில் தமிழர்கள் பெருந்தொகையினர். தில்லி பெரிதாக எதிர்ப்புக் காட்டாமல் கப்பல் அனுப்பி அழைத்துக்கொண்டது. 1967இல் எல்லை ஒப்பந்தம் கையெழுத்தானது. எல்லை வரையறை உண்மையான நலன்தான், நிலைத்தும் நிற்கிறது. ஆனால் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள், வீடும் வாணிகமும் விட்டுச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கியவர்கள். அரசுகளின் கணக்கில் இலாபம் ஓரிடத்திலும் நட்டம் வேறிடத்திலும் விழுவதை ‘தேசநலன்’ என்ற ஒற்றைச் சொல் மறைத்துவிடுகிறது.

2021 பிப்ரவரி 1 அன்று ராணுவம் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபோது அதே மறைப்பு நிகழ்ந்தது. மார்ச் 10 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் எல்லை மாநிலங்களுக்கு எழுதிய கடிதம், யாரையும் அகதியென ஏற்கும் அதிகாரம் மாநிலங்களுக்கு இல்லை என்றது. மார்ச் 26 அன்று மணிப்பூர் அரசு பிறப்பித்த ஆணையை வரிக்கு வரி படிக்க வேண்டும்: உணவும் உறைவிடமும் தரும் முகாம்களை மாவட்ட நிர்வாகம் திறக்கக் கூடாது, தொண்டு அமைப்புகளையும் திறக்கவிடக் கூடாது, வருபவர்களைப் பணிவோடு திருப்பி அனுப்ப வேண்டும், படுகாயம் பட்டவர்களுக்கு மட்டும் மருத்துவம் பார்க்கலாம். எதிர்ப்பு எழுந்ததும் மூன்றே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அந்த ஆணை பிறந்த மறுநாள், மார்ச் 27 அன்று, மியான்மரில் ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அந்நாட்டின் தலைநகர் நெய்பிடாவில் நடந்த படை அணிவகுப்புக்குப் பிரதிநிதி அனுப்பிய எட்டு நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

மிசோரம் வேறு வழியில் போனது. சின் மக்கள் தங்கள் உறவினர்கள், கைகட்டி நிற்க முடியாது என்று முதலமைச்சர் ஜோரம்தங்கா பிரதமருக்கு எழுதினார். தேவாலயங்களும் ஊர் இளைஞர் சங்கங்களும் அரிசியும் துணியும் திரட்டின; 30,000க்கும் மேற்பட்டோர் அங்கே தங்கினார்கள். இதை மனிதநேயம் என்று மட்டும் பாராட்டி நகர்ந்துவிடக் கூடாது. அந்த எல்லைக்கு அப்பால் நாளை யார் நிர்வாகம் நடத்தினாலும், அவர்களிடம் பேச இந்தியாவுக்கு இருக்கும் நம்பிக்கை மூலதனம் மிசோரமின் தலைநகர் ஐஸ்வாலில்தான் சேர்ந்தது.

சூ கீயே 2017இல் ரோஹிங்கியா மக்கள் விரட்டப்பட்டதை நியாயப்படுத்தினாரே, இலட்சியத்தை நம்பி என்ன பயன் என்று கேட்கலாம். 1988இலும் சரி, 2012இல் அவரைத் தில்லியில் வரவேற்றபோதும் சரி, இந்தியா இலட்சியத்தை ஒரு தலைவரின் உருவத்தோடு கட்டிவைத்தது. கூட்டாட்சியையோ சிறுபான்மையினரின் குடியுரிமையையோ அளவுகோலாக்கவில்லை. ஒருவரை மட்டும் நம்பிய ஆதரவும் ஒரு படையை மட்டும் நம்பிய நடைமுறையும் ஒரே பிழையின் இரண்டு வடிவங்கள்.

ஆகவே, நெய்பிடாவோடு தூதரக உறவு வைத்திருக்கலாம். நிலநடுக்கத்துக்கு 2025இல் செய்ததுபோல் உதவி அனுப்பலாம். எல்லைப் பாதுகாப்பு பற்றிப் பேசலாம். அணிவகுப்பு மேடையில் நிற்பது, 2020இல் நீர்மூழ்கிக் கப்பலைக் கொடுத்ததுபோல் படைக்கலன் தருவது, உயிர் தப்பி வந்தவரைத் திருப்பி அனுப்புவது ஆகிய மூன்றும் வேறு வகை. இவற்றை மறுத்திருந்தால் இந்தியா எந்த நலனை இழந்திருக்கும் என்று தேடிப் பார்த்தால், ஆவணங்களில் தெளிவான விடை கிடைப்பதில்லை. இம்மூன்றையும் ஏற்பவர்கள்தான் அந்த விடையைத் தர வேண்டும்.